ஈஸ்டர் கள்ளிக்கு இருட்டு வேண்டும்

1

கள்ளிச்செடியோடு சண்டை போட்டவர்கள் உங்களில் யாராவது உண்டா? நான் போட்டிருக்கிறேன். காலையில் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், "உனக்கு இன்னாதான் குறைச்சல், சொல்லித் தொலை" என்று நேருக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். செடி வாயைத் திறக்காது. பக்கத்து அறையிலிருந்து என் வீட்டுக்காரர்தான், "என்னையா கேக்கற?" என்பார்.

அந்தச் செடி இந்த ஈஸ்டருக்குப் பூத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஒரு செடி பூத்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பீர்கள். எனக்கு மலைப்பு இன்னும் அடங்கவில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் நாங்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் எஸ்தர், ஆம்பூர்க்காரி. வேலூரில் நர்ஸிங் படித்தேன். என் வீட்டுக்காரர் தேவசகாயம், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தவர். ஜெர்மனியிலும் ஆம்பூரைப் போல ஷூ தைத்தே பிழைத்த ஊர் ஒன்று உண்டு. முக்கால்வாசிக் கம்பெனிகளை மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு சின்னக் கம்பெனி இவரைக் கூப்பிட்டது. பின்னாலேயே நானும் வந்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுக்கு ஒரே பெண், ஷைனி. இங்கேதான் பிறந்தாள்.

இந்த நாட்டில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும். நம்மிடம் ஏது? நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இனிஷியல் என்றால் என்ன என்று அந்த ஆபீஸ் அம்மாவுக்கு விளக்கி மாளவில்லை. கடைசியில் இவர் பெயரையே எங்கள் மூன்று பேருக்கும் ஒட்டிவிட்டார்கள். இங்கே கல்யாணம் ஆகாத பெண்ணும் திருமதிதான், அதனால் ஷைனிக்குத் தபால் வந்தாலும் 'திருமதி தேவசகாயம்' என்றுதான் வரும். எனக்கென்று நினைத்து நான் பிரித்துவிடுவேன். அதற்கு ஒரு சண்டை நடக்கும்.

சரி, செடிக்கு வருகிறேன். ஷைனி பத்தாவது படிக்கும்போது உயிரியல் டீச்சர் வகுப்பில் ஆளுக்கொரு இணுக்கு கொடுத்தார். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. தட்டையாக, பச்சையாக, ஓரத்தில் லேசாகச் சிவப்போடியிருந்தது. அதை ஒரு காலி தயிர் டப்பாவில் நட்டுத் தன் அறை ஜன்னலில் வைத்தாள். ஈஸ்டர் கள்ளி என்று இங்கே அதற்குப் பெயர்.

"கள்ளின்ற, முள்ளு எங்கடி?" என்று கேட்டேன்.

"இதுக்கு முள்ளு வேணாம்மா. இது மரத்து மேல இருக்கிற கள்ளி."

"மரத்து மேலயா? அப்ப புல்லுருவியா?"

"இல்லம்மா. மரத்துல உக்காந்துக்கும், அவ்ளோதான். மரத்துகிட்ட ஒண்ணும் வாங்காது. மழைத்தண்ணி, காத்து, கிளையில விழுந்து கிடக்கிற இலை, அது போதும்."

கள்ளி என்றால் எனக்குத் தெரிந்தது வேலூர்க் கோட்டை வெயிலும், ரயில்வே லைன் ஓரத்துச் சப்பாத்திக்கள்ளியும்தான். ஆடு மாடுகூடக் கிட்டே போகாது. இதுவோ பிரேசில் பக்கம் மழைக்காட்டில், மரக்கிளையின் மடிப்பில், பனிமூட்டத்துக்கு நடுவில் குடியிருக்கிற கள்ளியாம். ஒரே சாதியில் ஒன்று பாலைவனத்துக்குப் போயிருக்கிறது, இன்னொன்று மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. யார் இதையெல்லாம் யோசித்து வைத்தார்கள் என்று அன்றைக்கெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு இதைக் கேட்டதும் 'நம்மைப் போலவே' என்று எழுதக் கை அரிக்கும். நான் எழுதமாட்டேன். நாங்கள் உட்கார்ந்திருக்கிற மரத்திடம் சம்பளம், பென்ஷன், மூட்டு வலிக்கு வைத்தியம் என்று நன்றாகவே வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

2

எனக்குக் குளிர் ஆகாது. வேலூர் வெயிலில் வெந்த உடம்பு. அக்டோபர் பாதியிலேயே காதைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வேன். வீட்டில் எல்லா ஹீட்டரும் முழு வேகத்தில் இருக்கும். ஜன்னல்களை இறுக்கி மூடிவிடுவேன். சுவரில் பூஞ்சை பிடித்து, வீட்டை நிர்வகிக்கிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தினமும் ஜன்னலைத் திறந்து காற்று விடும்படி மரியாதையாக எழுதியிருந்தார்கள். மூச்சு விடுவதற்குமா சர்க்குலர் அனுப்புவார்கள் என்று இவரிடம் கத்தினேன். இவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "சரி, குளியலறை ஜன்னலை மட்டும் தொறந்து வைப்போம்" என்றார்.

ஷைனியின் அறை மட்டும் வேறு நாடு. ஹீட்டரை அணைத்துவிடுவாள். ஜன்னல் எந்நேரமும் ஒரு பக்கம் சாய்ந்து திறந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் ஜன்னல் ஷட்டரை இழுத்து விட்டுவிடுவாள், கும்மிருட்டு. கதவைத் திறந்தால் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும்.

"சளி பிடிச்சுக்கும்டி, ஹீட்டரப் போடு."

"எனக்கு மூச்சு முட்டுதும்மா. கதவ சாத்திட்டுப் போ."

எல்லாக் குளிர்காலமும் இதே பாட்டுதான். ஆனால் ஈஸ்டர் வந்தால் அந்த அறையிலிருந்து ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். இணுக்குகளின் நுனியிலெல்லாம் ரத்தச் சிவப்பில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூத்திருக்கும். சாப்பாட்டு மேஜை நடுவில் வைப்பாள். நான் செய்த ஈஸ்டர் பிரியாணியைவிட அதைத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். சும்மா பூக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் வடக்கே, கடலோரத்தில் ஒரு பெரிய ஊரில் படிக்கப் போனாள். ரயிலில் பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். அவள் கிளம்பிய அன்றைக்கு நான் சாமான்களாக எடுத்து எடுத்து வைத்தேன். பெயர் வெட்டிய சில்வர் டம்ளர், அவள் பிறந்தபோது அண்ணி கொடுத்தனுப்பியது. "வேணாம்மா, இடமில்ல." குக்கர். "வேணாம்மா." ஊர்ப் போர்வை. "ஐயோ, வேணாம்மா." கடைசியில் செடியைக் காட்டினேன்.

"ட்ரெயின்ல உடைஞ்சிடும். இங்கயே இருக்கட்டும். உனக்குத் தொந்தரவா இருந்தா கீழ் வீட்டு கெஸ்லர் அம்மாக்குக் குடுத்துடு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் போன பிறகு அந்த அறையில் போய் நின்றேன். அலமாரி காலி, மேஜை காலி. அவளுடையது என்று அந்த வீட்டில் மிஞ்சியது அந்தத் தொட்டி ஒன்றுதான். அதையும் யாருக்காவது கொடுத்துவிடு என்கிறாளே, அப்படியென்றால் எங்களிடமிருந்து இவளுக்கு ஒன்றுமே வேண்டாமா? இந்தக் கேள்வி அன்றைக்கு வந்து உட்கார்ந்தது, நகரவே இல்லை.

3

நான் சும்மா இருப்பேனா? செடியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். வீட்டிலேயே நல்ல இடத்தைக் கொடுத்தேன். தெற்குப் பார்த்த ஜன்னல், நேர் வெயில், கீழே ஹீட்டர். குடிக்கத் தாராளமாகத் தண்ணீர். தோல் பதனிடுகிற டேனரிக் கழிவு இறங்கி உப்புக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள் நான். இங்கே குழாயைத் திறந்தால் கொட்டுகிற தண்ணீரைப் பார்க்க இன்னும் எனக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தையெல்லாம் செடிக்கு ஊற்றினேன்.

அதற்கு மேலே ஸ்டார் கட்டினேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கட்டுவோமே, உள்ளே பல்பு வைத்த காகித நட்சத்திரம். டிசம்பர் பிறந்தால் கட்டிவிட வேண்டும், பொழுது விடிகிற வரைக்கும் எரிய வேண்டும். எந்த வீட்டு ஸ்டார் அணைந்திருக்கிறது என்று தெருவே பார்க்கும். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் நான் ஒரு நாளும் அணைத்ததில்லை. முன்பெல்லாம் வாசல் பக்கம் தொங்கும். ஷைனி போன பிறகு, கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் இருக்கட்டுமே என்று செடிக்கு நேர் மேலே கட்டினேன், பொங்கல் கழிந்தும் கழற்ற மனம் வரவில்லை.

செடி தளதளவென்று வளர்ந்தது. ஈஸ்டர் வந்தது, ஒரு மொட்டு இல்லை. ஷைனியும் வரவில்லை, பரீட்சை என்றாள். அடுத்த ஈஸ்டருக்கும் அப்படியே. ஏதோ பயிற்சி முகாமாம். போன் பேசுவதும் குறைந்துகொண்டே வந்தது. நான் தமிழில் கேட்பேன், ஜெர்மனில் பதில் வரும். பிறகு அதுவும் போய், "சாப்ட்டியா?" என்று எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். "குளிருதா?" கட்டைவிரல். ஜாஸ்தி கேட்டால் அந்தக் கட்டைவிரலும் வராது.

என் மனசு பித்துக்குளித்தனமாக ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டது. இந்தச் செடி பூத்தால் அவள் வருவாள். பூக்காவிட்டால் வரமாட்டாள். படித்தவள்தான் நான், என்ன செய்ய?

பூக்காததற்குக் காரணம் யோசித்து யோசித்து, ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டேன் என்று இவரிடம் ஓடினேன். "டீச்சர் கையால குடுத்த செடிங்க இது. அதான் இப்படி. திருடினது இல்லையே!"

சிரிக்காதீர்கள். ஆம்பூரில் எங்கள் எதிர்வீட்டில் பாத்திமா அக்கா இருந்தார்கள். அவர்கள் கேட் மேல் மணி பிளாண்ட் காடாகப் படர்ந்திருக்கும். மணி பிளாண்ட்டைத் திருடித்தான் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தெருவில் எல்லோர் வீட்டு பாட்டிலிலும் இருந்தது அந்தச் செடிதான். யாராவது கேட் பக்கம் தயங்கி நின்றால் அக்கா அடுப்பில் ஏதோ மறந்த மாதிரி உள்ளே போய்விடுவார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது விவரம் தெரியாமல், "அக்கா, ஒரு கொடி தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "கேட்டுட்டியா? பேஜார் பண்ணிட்டியே! கேட்டு வாங்கினா வராதும்மா. நாளைக்கு நான் கடைக்குப் போவேன், அப்ப வா. நான் பாக்கல, நீ கேக்கல."

மறுநாள் கேட் தாழ் போடாமல் இருந்தது. நான் கிள்ளிக்கொண்டு ஓடினேன். அது எப்படி வளர்ந்தது தெரியுமா!

இந்தக் கதையை ஷைனிக்குக் குழந்தையில் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நிற்காமல், இங்கே பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் தொங்கிய ஒரு கொடியில் கை வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவள், "அம்மா, இது திருட்டு!" என்று ஜெர்மனில் கூவினாள். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எனக்குப் பல் வலி போன இடம் தெரியவில்லை. வீடு வரும்வரை, "கேட்டா குடுப்பாங்கல்ல, ஏன் கேக்கல?" என்று அரித்து எடுத்தாள். கேட்டால் வராது என்றால் அவளுக்குப் புரியவே இல்லை.

4

போன டிசம்பரில் ஊருக்குப் போனோம். என் அண்ணன் ஜெயராஜ் ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். அவர் மகளுக்கு ஜனவரியில் கல்யாணம். கிறிஸ்துமஸையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று சேர்த்து வைத்த லீவையெல்லாம் போட்டுவிட்டுக் கிளம்பினோம். ஷைனி வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"எனக்கு அங்க யாரையும் தெரியாதும்மா. எல்லாரும், அடுத்தது நீதான்னு சொல்வாங்க. நீங்க போய்ட்டு வாங்க."

நான் போனிலேயே அழுதேன். போனை வைத்த பிறகு ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது.

கிளம்பும்போது இவர் எல்லா ஹீட்டரையும் குழாய் உறையாமல் இருந்தால் போதும் என்று அடியோடு குறைத்தார். ஷட்டரை இறக்கினார். செடி இருந்த ஜன்னலில் மட்டும் வெளிச்சத்துக்கு ஒரு சாண் விட்டார். ஊருக்குப் போவதால் இந்தத் தடவை ஸ்டார் கட்டவில்லை, பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சாவியை கெஸ்லர் அம்மாவிடம் கொடுத்து, செடிக்கு வாரா வாரம் தண்ணீர் விடச் சொல்லி நூறு தடவை சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

ஆம்பூர் போய் இறங்கியதும் பழைய டேனரி வாசனை மூக்கில் ஏறியது. இவர் நெஞ்சு நிறைய இழுத்து விட்டார். காலையில் கம்பெனி பஸ்களில் பெண்கள் டிபன் பையோடு தொங்கிக்கொண்டு போனார்கள். எல்லோர் கையிலும் போன். கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரும், "ஷைனி எங்க?" என்றார்கள். "பரீட்சை" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

கல்யாணம் முடிந்த அலுப்புக்கு அண்ணன் எங்களை ஏலகிரிக்கு அழைத்துப் போனார். வளைவில் வளைவில் எனக்குக் குமட்டியது. மேலே ஒரு பலாத் தோட்டத்துப் பக்கம் காரை நிறுத்தினார்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஒரு பலாமரத்தடியில் நின்று தலையைத் தூக்கினேன். கிளை பிரிகிற இடத்தில் சருகு சேர்ந்து ஒரு கைப்பிடி மண்ணாகியிருந்தது. அதில் ஒரு பெரணி. அதற்குப் பக்கத்தில் தடித்த இலையோடு இன்னொரு செடி, வேரை வெளியே காற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. பனி அந்த வேரில் முத்து முத்தாக நின்றது.

"புல்லுருவி. வெட்டாம வுட்டா மரத்தயே தின்னுடும்" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே! இது மரத்துகிட்ட ஒண்ணும் வாங்காது. உக்காந்திருக்குது, அவ்ளோதான்."

"இன்னா எஸ்தரு, ஜெர்மனில செடி டாக்டருக்கா படிச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அசையவில்லை. இந்த மலைக்குச் சின்ன வயதில் எத்தனை தடவை வந்திருக்கிறேன், ஒரு நாள்கூட நிமிர்ந்து மரத்தைப் பார்த்ததில்லையே! என் மகள் ஒரு வாக்கியத்தில் சொன்னது, என் ஊர் மரத்தில், என் தலைக்கு மேலேயே இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் வரும் என்று பார்த்தால், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்தது. 'அம்மா அதேதான்! நம்ம ஊர்லயும் இருக்கா?'

நம்ம ஊர் என்று எழுதியிருந்தாள். இவருக்குக் காட்டினேன், அண்ணிக்குக் காட்டினேன், டிரைவருக்கும் காட்டினேன்.

5

திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு கல்லறை மாதிரி குளிர்ந்து கிடந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்கு ஓடினேன். செடி துவண்டு, இணுக்கெல்லாம் சுருங்கித் தொங்கியது. மண் பாளமாகக் காய்ந்திருந்தது. கீழே இறங்கிப் போய் கெஸ்லர் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் அசரவில்லை.

"இரண்டே தடவை, கொஞ்சமாக மழைத்தண்ணீர் விட்டேன். குளிர்காலத்தில் அதை நிம்மதியாக விடவேண்டும்" என்றார்.

நிம்மதியாக விடுவதாம்! செத்துப்போன பிறகு எல்லாமே நிம்மதிதான். மேலே வந்து இவரிடம் பொரிந்து தள்ளினேன். ஷைனியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குக் கவலை. எல்லாவற்றையும் வேண்டாம் என்று விட்டுப்போனவள் விட்டுவைத்த ஒன்றையும் நான் சாகடித்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு ஆறேழு வாரம் முன்னால், சாம்பல் புதன் வருகிற சமயம், தூசி துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இணுக்குகளின் நுனியில் கடுகைவிடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளி. ஒரு நுனியில் மட்டுமில்லை, பார்க்கப் பார்க்க எங்கே பார்த்தாலும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். போட்டோ எடுத்து அனுப்பிய உடனே ஷைனியே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

"அம்மா, தொடாத! திருப்பாத! எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும். நீ என்ன பண்ண?"

"நான் ஒண்ணுமே பண்ணலடி. ஊருக்குப் போய்ட்டோம். ஹீட்டர் இல்ல, லைட் இல்ல, தண்ணி இல்ல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதாம்மா அதுக்கு வேணும்! நீளமான ராத்திரி வேணும், குளிர் வேணும். அப்பதான், சரி, இப்ப பூ செய்யலாம்னு அது முடிவு பண்ணும். நடுவுல ஒரு பல்பு எரிஞ்சாகூடப் போச்சு, ராத்திரியே வரலைன்னு நினைச்சுக்கும்."

பூ செய்கிறதாம்! அந்தத் தமிழைத் திருத்தக்கூடத் தோன்றவில்லை. நான் ஸ்டார் கட்டியதைச் சொன்னேன். மெதுவாக, "ரெண்டு வருஷமும் அது மேலயா கட்டின?" என்றாள்.

போனை வைத்த பிறகு அந்தச் செடிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கண் கிடையாது. இலைகூடக் கிடையாது, தண்டுதான் இலை. அந்தத் தண்டு ராத்திரி எவ்வளவு நீளம் என்று அளக்கிறது. நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து ராத்திரி எது பகல் எது என்று எனக்கே குழம்பிக் கிடக்கிறது, இந்தச் சுண்டுவிரல் செடிக்குத் தெரிகிறது! நான் வெளிச்சம் கொடுத்தேன், சூடு கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன். அது கேட்டதெல்லாம் இருட்டு. மேலே காகித நட்சத்திரத்தை எரியவிட்டு, அது தன் நட்சத்திரத்தைச் செய்யவிடாமல் இத்தனை நாளும் தடுத்திருக்கிறேன். ஈஸ்டர் பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஆண்டவரை வைத்த கல்லறைக்குள் இருட்டாக இருந்திருக்குமே என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

"ஈஸ்டருக்கு வர்றியா?" என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "சாப்ட்டியா"வையும் குறைத்துக்கொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

6

மொட்டுகள் நீண்டு வந்தன. அப்போதுதான் இவர் தன் கைவரிசையைக் காட்டினார். ஆம்பூர் உறவுக்காரர்கள் குரூப்பில் போட வீடியோ எடுக்கிறேன் என்று, மொட்டெல்லாம் நம் பக்கம் தெரிகிற மாதிரி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து மொட்டு உதிர ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ஜன்னல் கட்டையில் சிவப்பாக விழுந்து கிடக்கும்.

"யாரு உங்களத் திருப்பச் சொன்னாங்க? உங்களுக்குக் கை சும்மா இருக்காதா?"

"பூ நமக்குத் தெரிய வேணாமா? ஜன்னல் கண்ணாடிய பாத்து பூக்கறதுக்கா வளக்கறோம்?"

"அது எந்தப் பக்கம் பாத்து பூத்தா உங்களுக்கு என்ன?"

மனிதர் முகம் செத்துவிட்டது. பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்து, எந்தக் கிளை எந்தப் பக்கம் இருந்தது என்று கண்டுபிடித்து, தொட்டியைப் பழையபடி வைத்தார். தோலில் கோடு போடுகிற வெள்ளிப் பேனாவை எடுத்துவந்து தொட்டியில் ஒரு கோடு, ஜன்னல் கட்டையில் ஒரு கோடு, இரண்டும் நேராக நிற்கும்படி இழுத்தார். "இனிமே ஒரு நூல் நகந்தாலும் தெரிஞ்சிடும்" என்றார். உதிர்ந்தது போக மிச்சம் நின்றது.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. முதுகில் பையோடு ஷைனி நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மொட்டு இன்னும் விரியவில்லையே என்ற பதைப்பில், "இன்னும் பூக்கலடி" என்றுதான் முதலில் சொன்னேன்.

"பூக்கலன்னா நான் வரக்கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் சர்ச்சுக்குக் கிளம்புகிற நேரம், வெயில் ஜன்னலில் ஏறியது. மூன்று பேரும் அங்கேதான் நின்றிருந்தோம். ஒரு மொட்டின் நுனி பிரிந்து, இதழ் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு மடிந்தது. கண்ணுக்குத் தெரிகிற வேகம் இல்லை. ஆனால் காபியைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும். அப்படி ஒரு சிவப்பை நான் பட்டுப்புடவையில்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் கண்ணாடிப் பக்கம் பார்த்துத்தான் பூத்தது. அதனால் மூன்று பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே தெருவில் போய் நின்று, அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தோம். கெஸ்லர் அம்மாவும் வந்து நின்றார். சர்ச்சுக்கு லேட்டாகத்தான் போனோம்.

7

திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் அவள் போய்விட்டாள். பிரியாணி கட்டிக் கொடுக்கட்டுமா என்றேன். "வேணாம்மா." ஊறுகாய்? "வேணாம்மா." பழைய பாட்டுதான். நான் வற்புறுத்தவில்லை. ஸ்டேஷனில் கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செடியைப் பார்க்கப் போனேன். பூவெல்லாம் பொழுது சாய்ந்ததும் மூடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் நீளமாகத் தொங்கிய ஒரு கிளையில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். நுனியில் இரண்டு இணுக்கைக் காணோம். பிய்ந்து விழுந்ததில்லை. கணுவில் பிடித்து, ஒரு திருகு திருகி, சுத்தமாக எடுத்திருந்தது.

"என்னங்க! இத என்னா பண்ணீங்க?"

"சத்தியமா நான் தொடல. கோட்டைப் பாரு!" என்று ஓடிவந்தார். வெள்ளிக் கோடு இரண்டும் ஒரு நூல் பிசகாமல் நேராக நின்றன.

சமையலறைக்குப் போனேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தயிர் டப்பாக்களில் ஒன்று குறைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டிருந்தால் தொட்டியையே தூக்கிக் கொடுத்திருப்பேன். அவளுடைய செடிதானே அது! அவள் கேட்கவில்லை. நான் பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து, பூக்காத கிளையாகப் பார்த்து, சத்தமில்லாமல் கிள்ளியிருக்கிறாள். பல் டாக்டர் வீட்டில் என்னைத் திருடி என்று காட்டிக்கொடுத்த பெண், என் வீட்டில் திருடியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இரு, போன் போட்டுக் கேக்கறேன்" என்று இவர் போனை எடுத்தார். பிடுங்கிக்கொண்டேன்.

"வாயத் தொறந்தீங்க, தெரியும் சேதி. கேட்டா வராது."

அடுத்த ஞாயிறு அவளே கூப்பிட்டாள். பரீட்சை, மழை, பக்கத்து அறைப் பெண் என்று ஏதேதோ பேசினாள். நானும் பாத்திமா அக்கா மாதிரி ஒன்றும் தெரியாதவளாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மட்டும் மனசு கேட்கவில்லை.

"ஏண்டி, உன் ரூம் ஜன்னல்ல வெயில் நேரா அடிக்குதா?"

"இல்லம்மா. வடக்குப் பாத்த ஜன்னல். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றேன்.